நாலு மூலையும் பார்த்துவிட்டு

கதவு கால்வாசி திறந்திருந்தால் அவர் உள்ளே வரமாட்டார். ஆசிரியர் அறை வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே இருக்கும் யாராவது எழுந்து போய்க் கதவை முழுக்கத் திறந்துவிட வேண்டும். அதன் பிறகும் கதவுக்குப் பின்னால் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலிக்கு வருவார். இது தெரிந்து எங்கள் உடற்கல்வி ஆசிரியர் வேண்டுமென்றே கதவை அரைகுறையாகச் சாத்திவிட்டு உட்கார்ந்திருப்பார். எங்களுக்கெல்லாம் காலையில் ஒரு சிரிப்பு.

"முழுசா அடைச்சிருந்தா பயமில்ல டீச்சர். முழுசா திறந்து கிடந்தாலும் பயமில்ல. இந்தக் கால்வாசிதான் நமக்கு ஆகாது" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். சொன்னவருக்கு வயது ஐம்பதுக்குப் பக்கம். நல்ல உயரம். வெள்ளைச் சட்டை, தேய்த்த பேண்ட், சட்டைப் பையில் சிலுவை போட்ட ஒரு சின்ன டைரி. பாளையங்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார்.

எங்கள் பள்ளிக்கூடம் அம்பாசமுத்திரத்துக்குச் சற்று முன்னால் ஆற்றை ஒட்டிய ஊரில் இருக்கிறது. அரசு உயர்நிலைப் பள்ளி. நான் கணக்கு டீச்சர். அவர் ஓவிய ஆசிரியர். பிள்ளைகள் அவரைப் 'படம் சார்' என்பார்கள். படம் வரையச் சொல்லிக் கொடுத்ததால் வந்த பேர். பின்னால் சினிமாப் பாடமும் அவர் தலையில் விழுந்தபோது பேர் இன்னும் நன்றாகப் பொருந்திப்போயிற்று.

அவர் பயப்படாத விஷயம் ஒன்று உண்டா என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். இடிக்குப் பயம். கொம்பு நீண்ட மாட்டுக்குப் பயம். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குப் பயம். பட்டன் போன்தான் வைத்திருந்தார். பெரிய போன் வாங்கினால் எவனாவது கூப்பிட்டு நம்பர் கேட்டு, பேங்கில் இருப்பதையெல்லாம் உருவிவிடுவான் என்பார். எல்லாவற்றுக்கும் மேல் நாய்க்குப் பயம். பஸ் ஸ்டாப்பிலிருந்து பள்ளிக்கூடம் வரும் வழியில் மாவு மில்லுக்கு முன்னால் ஒரு செவலை நாய் படுத்திருக்கும். நானும் அந்த பஸ்ஸில்தான் வருவேன் என்பதால், மில் பக்கம் வந்ததும் மனிதர் என் முதுகுக்குப் பின்னால் வந்துவிடுவார்.

"டீச்சர், நீங்க முன்னால போங்க. ஒங்களக் கண்டா அது எந்திரிக்காது."

அது பாராட்டா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எனக்குப் பயம் கிடையாது என்று ஊரில் ஒரு பேர் இருந்தது. பெண்பிள்ளைகளை இடித்த ஒருவனை ஓடுகிற பஸ்ஸில் செருப்பைக் கழற்றி அடித்தவள் நான். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அவர் ஆறடி ஆள், குடையும் கையுமாக என் பின்னால் ஒண்டிக்கொண்டு வருவதைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

மாதம் ஒரு நல்ல படம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், அதை ஒரு கலையாகப் பார்க்கவும் பேசவும் பழக்க வேண்டும் என்று உத்தரவு வந்த வருஷம் அது. யார் எடுத்துச் செய்வது என்று தலைமையாசிரியர் கேட்டபோது நாங்கள் எல்லோரும் மேஜையைப் பார்த்தோம். படம் சார் மட்டும் பயத்தில் நிமிர்ந்து தலைமையாசிரியர் முகத்தைப் பார்த்துவிட்டார். அவருக்கே கொடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் அறையின் சாவி என் பொறுப்பு. அதனால் ஒவ்வொரு வகுப்புக்கும் நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தும்படி ஆயிற்று. முழு இருட்டு அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் என் தலைக்கு மேல் ஒரு டியூப் லைட் மட்டும் எப்போதும் எரியும்.

முதல் வகுப்பில் ஒரு வெளிநாட்டுப் படம் போட்டார். பேச்சே இல்லை. பனி பெய்கிற ஊர். ஒரு சிறுமி தூக்குச்சட்டியோடு பால் வாங்கப் போகிறாள். போய்க்கொண்டே இருக்கிறாள். பையன்கள் நெளிய ஆரம்பித்தார்கள்.

"சார், சண்டை எப்ப சார் வரும்?"

அவர் படத்தை நிறுத்தினார். "என்ன தெரியுது?"

"பிள்ள தெரியுது சார். சட்டி தெரியுது."

"அவ நடுவுலதான் நிக்கா. எங்கயும் போகமாட்டா, அவளப் பெறகு பாத்துக்கிடலாம். மூலையப் பாருங்கலே. ஒவ்வொரு மூலையா. நாலையும் பாத்துட்டு நடுவுக்கு வாங்க."

நானும் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தேன். மேலே இடது மூலையில் ஒரு வீட்டு ஜன்னல். அதன் திரையை உள்ளேயிருந்து ஒரு விரல் விலக்கிப் பிடித்திருந்தது. அவ்வளவுதான். ஒரு விரல். படம் ஓடும்போது நாங்கள் யாருமே அதைப் பார்க்கவில்லை. அவர் படத்தைப் பின்னால் ஓட்டி மறுபடி நிறுத்தினார். அதற்கு முந்தைய வீட்டிலும் ஒரு ஜன்னல், ஒரு விரல். அதற்கு முந்தைய வீட்டிலும். எனக்கு முழங்கைக்கு மேல் மயிர் குத்திட்டு நின்றது.

"பால் வாங்கப் போற கதைன்னு நெனச்சோம்லா? ஊரே அவளப் பாத்துக்கிட்டு இருக்கு. அவளுக்குத் தெரியாது. நமக்கும் தெரியல" என்றார். சொல்லும்போது அவர் குரலும் லேசாக நடுங்கிற்று. வகுப்புக்காக நடித்தது இல்லை, நிஜமாகவே பயந்துபோய்த்தான் இருந்தார். அன்றைக்குப் பிறகு சண்டை எப்போது வரும் என்று எவனும் கேட்கவில்லை.

இன்னொரு நாள் திரையைத் துணி போட்டு மூடிவிட்டுச் சத்தத்தை மட்டும் ஓடவிட்டார். குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம். யாரோ செருப்பில்லாமல் நடக்கிற சத்தம். சொட்டுவது நின்றது. நடப்பதும் நின்றது. பிறகு ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் தாங்க முடியவில்லை. நான் என்னை அறியாமல் திரும்பி, எனக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தேன்.

"யாருக்குப் பயம் வந்துச்சு? கையத் தூக்குங்க" என்றார்.

ஒருவரும் தூக்கவில்லை. பத்தாம் வகுப்புப் பையன்கள், பெண்பிள்ளைகள் எதிரில் எப்படித் தூக்குவார்கள்? அவர் தன் கையைத் தூக்கினார். நன்றாக உயர்த்தி, வருகைப் பதிவுக்குக் கை தூக்குகிற பையன் மாதிரி. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு ஒரு பெண் தூக்கினாள். பிறகு ஒரு பையன். கடைசியில் வகுப்பு முழுவதும் கை. நான் விடைத்தாளைத் திருத்துவதுபோலக் குனிந்துகொண்டேன்.

இதெல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அவர் பயம் எல்லாத் தடவையும் பலித்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கார்த்திகை மாதம், மலையில் விடாத மழை. ஜன்னலிலிருந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டே நின்றவர் தலைமையாசிரியர் அறைக்கு ஓடினார். தண்ணீர் நிறம் மாறிவிட்டது, வாழைமரம் வேரோடு வருகிறது, அக்கரைப் பிள்ளைகளை உடனே அனுப்ப வேண்டும் என்றார். அவர் முகத்தைப் பார்த்துத் தலைமையாசிரியரும் பயந்துபோய் அனுப்பிவிட்டார். சாயங்காலம் வெயில் அடித்தது. ஆறு படித்துறையைக்கூடத் தொடவில்லை. பெற்றோர் வந்து சத்தம் போட்டார்கள். அதிலிருந்து அவர் நடந்து போனால் பின்னால் ஏதாவது ஒரு குரல் "தண்ணி வருது" என்னும். ஆசிரியர்களிலும் சிலர் சொன்னோம்.

இப்போது சொல்லப்போவதற்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பையன்கள் மணிக்கட்டில் கயிறு கட்டுவார்கள். கோயில் கயிறு இல்லை. நிறத்தைப் பார்த்தால் கட்டியிருப்பவன் என்ன சாதி என்று தெரிந்துவிடும். பள்ளிக்கூட வாசலில் கத்தரிக்கோலோடு நின்று நாங்கள் அறுத்து எடுப்போம். மணி அடித்து வெளியே போனதும் பையிலிருந்து வேறொன்றை எடுத்துக் கட்டிக்கொள்வார்கள். கயிறு கட்டாதவன் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

பேச்சிமுத்து கட்டாதவன். பத்தாம் வகுப்பு. நான் கரும்பலகையில் தப்பு விட்டால் எழுந்து நின்று, "டீச்சர், அங்கன மைனஸ் வரணும்" என்று சொல்லக்கூடிய ஒரே பையன். கொஞ்ச நாள் முன்னால் பஸ்ஸில் ஒரு தகராறு. பள்ளிப்படிப்பை முடித்த, முடிக்காமலே விட்ட சில பெரிய பையன்கள் அவனை ஸீட்டிலிருந்து எழுந்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். "நான் முதல்ல வந்து உக்காந்தேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டானாம். இவ்வளவுதான் நடந்தது. எங்கள் ஊரில் இவ்வளவு போதும்.

அந்தச் சமயத்தில்தான் அவர் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார். வீட்டிலிருக்கும் போனை எங்காவது அசையாமல் வைத்து ஒரு நிமிஷம் படம் எடுத்து வர வேண்டும். கதை வேண்டாம், நடிப்பு வேண்டாம், ஆள் வந்தால் வரட்டும், போனால் போகட்டும். மாரிச்செல்வி என்ற பெண் அவள் அம்மா போனைப் பெட்டிக்கடைப் பலகையில் வைத்து, சாயங்காலம் பஸ் ஸ்டாப்பை எடுத்திருந்தாள். சரியாக வரவில்லை என்று அடுத்தடுத்து மூன்று நாள் எடுத்திருந்தாள். மூன்றையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

முதல் நாள் படம் ஓடியது. நடுவில் எங்கள் செவலை நாய், பஸ் வந்து நிற்கிற இடத்திலேயே படுத்திருந்தது. பஸ் மேலே ஏறிவிடும் என்கிற நேரத்தில் சாவகாசமாக எழுந்து நகர்ந்தது. வகுப்பே சிரித்தது. அவர்கூட நாயைத் திரையில் பார்த்ததும் ஓர் அடி பின்னால் வைத்தார். பிள்ளைகள் அதற்கும் சிரித்தார்கள். நாய்க்குப் பின்னால் நம் பிள்ளைகள் கூட்டம், அதில் பேச்சிமுத்து.

"சரி. மூலை" என்று நிறுத்தினார்.

வழக்கம்போல ஒவ்வொரு மூலையாகச் சொன்னார்கள். போஸ்டர். மரக்கிளை. கடைக்காரர் தோள். கீழே வலது மூலையில் ஒரு பைக்கின் முன்சக்கரம், ஹேண்டிலில் ஒரு கை. முகம் படத்துக்கு வெளியே இருந்தது. பஸ் வருகிறது, பிள்ளைகள் ஏறுகிறார்கள், பஸ் போகிறது. சக்கரமும் அதே திசையில் திரும்பிப் போகிறது.

இரண்டாம் நாள் படம். நாய் இல்லை. அதே மூலையில் அதே சக்கரம். பேச்சிமுத்து ஏறினான். சக்கரம் திரும்பியது.

மூன்றாம் நாள். இரண்டு சக்கரம். கையில் கயிறு இருந்தது. பேச்சிமுத்து படியில் கால் வைத்ததும் அந்தக் கை எழுந்து ஒரு விரலால் அவனைக் காட்டி, யாருக்கோ அடையாளம் சொல்லிவிட்டு இறங்கியது.

ஒரு பெண், "பஸ்ல தகராறு பண்ணவங்க கட்டிருந்த அதே கயிறு சார்" என்றாள். வகுப்பு முழுவதும் பேச்சிமுத்துவைத் திரும்பிப் பார்த்தது. அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் லேப்டாப்பை மூடினார். "இன்னைக்குப் போதும்" என்றார்.

இருவரும் தலைமையாசிரியரிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை. அலுத்துப்போனவர்.

"வே, டயர் தெரியுது, கை தெரியுதுங்கீரு. பஸ் ஸ்டாப்ல பைக் நிக்காம வேற என்ன நிக்கும்? அன்னைக்கும் இப்பிடித்தான் தண்ணி வருதுன்னீரு. வந்துதா?"

"வரல சார்."

"பெறவு?"

"வராம போனதுல எனக்குச் சந்தோசம்தான் சார்" என்றார் அவர். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பேச்சிமுத்துவின் அப்பா அம்மா அறுப்பு வேலைக்கு வெளியூர் போயிருந்தார்கள். போன் எடுக்கவில்லை. உடற்கல்வி ஆசிரியர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்கு விளையாட்டுப் போட்டிக்குப் போயிருந்தார். போலீஸுக்குச் சொல்லலாம் என்றேன்.

"சொல்லலாம் டீச்சர். என்னன்னு சொல்ல? டயருன்னா?" என்று வராந்தாவில் நின்று யோசித்தார். "மூலையில நிக்க வரைக்கும் அவனுவளுக்கு மூஞ்சி கெடையாது டீச்சர். அதான் தைரியம். நடுவுக்குக் கொண்டாரணும். பையன கம்ப்யூட்டர் லேப்ல வச்சுப் பூட்டுங்க. முழுசா பூட்டுங்க."

பேச்சிமுத்து முரண்டு பிடித்தான். "நான் எதுக்கு சார் ஒளியணும்?"

"நீ ஒளிய வேண்டாம்லே. ஒளியுதது என் வேலை, அத நான் பாத்துக்கிடுதேன். டீச்சர் கணக்கு தந்திருக்காவ, போடு."

பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன். அவரும் ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் ஏன் கூடப் போனேன் என்று இப்போதும் சரியாகத் தெரியவில்லை. தனியாக அனுப்ப மனது வரவில்லை, அவ்வளவுதான். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. தெருவில் ஆளில்லை. மாவு மில் பக்கம் செவலை நாய் எழுந்து அவர் காலருகே வந்து குரைத்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. அப்போதுதான் எனக்கு முதன்முதலாக நிஜப் பயம் வந்தது.

பஸ் ஸ்டாப்பில் வாகை மரத்தடியில் இரண்டு பைக். மூன்று பையன்கள். பதினேழு, பதினெட்டு வயதிருக்கும். மீசை சரியாக முளைக்கவில்லை. ஒரு பைக்கின் டேங்க் மேல் நீளவாக்கில் சுருட்டிய சாக்கு. அதற்குள் இருப்பது வளைந்திருந்தது. வயல்காட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவர் அவர்களுக்கு நேர் எதிரே போய் நின்று குடையைத் தரையில் ஊன்றினார். "டீச்சர், போனு" என்றார். கொடுத்தேன். எங்கே அழுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. நான்தான் அழுத்திவிட்டேன். போனைக் குடைப்பிடியின் மேல் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தம்பிமாரே, ஸ்கூல் படம். ஒரு நிமிசம் அசையாம நில்லுங்க."

சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பையன்கள் கண்கூசி, கையை நெற்றிக்கு வைத்து எங்களைப் பார்த்தார்கள். மூன்று கையிலும் கயிறு.

"யாரக் கேட்டு எடுக்கீரு? போனக் கீழ போடும்" என்றான் ஒருவன். சாக்கு இருந்த வண்டிக்காரன் இறங்கினான். ஒரு கையைச் சாக்கின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். பிறகு அந்தக் கையை எடுக்காமலே அரை அடி முன்னால் வைத்தான். கத்த நினைத்தேன், சத்தம் வரவில்லை. செருப்பைக் கழற்றிய கை எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சின்னத் திரைக்குள் அந்தப் பையனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே" என்றார் பைய. "நீ யானை வரஞ்சவம்லா?"

பையன் நின்றான்.

"ஆறாங்கிளாஸ்ல. யானைக்கு அஞ்சு காலு போட்டவன் நீதானலே?"

பைக் இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பையனின் வாய் கோணிற்று. கோபமா வேறு ஏதாவதா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"அது தும்பிக்கை சார்" என்றான்.

"தும்பிக்கையா? சரி. நான் காலுன்னுல்லா நெனச்சேன்."

பையன் சாக்கிலிருந்து கையை எடுத்தான். கூட வந்தவன் என்னவோ கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினான். இவன் திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறிக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். மற்ற வண்டியும் பின்னால் போயிற்று. அவர்கள் போன பிறகும் அவர் காலி மரத்தடியைப் படம் எடுத்துக்கொண்டே நின்றார்.

"சார், போயிட்டாங்க."

"ஒரு நிமிசம் ஆகட்டும் டீச்சர்" என்றார்.

ஆன பிறகு குடையிலிருந்து விரலைப் பிரிக்க அவரால் முடியவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். பனிக்கட்டி மாதிரி இருந்தன. "ஒங்களுக்குப் பயமா இருந்துச்சா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு அவர் வலது கையைத் தூக்கினார், நடுத்தெருவில். நானும் தூக்கினேன்.

தலைமையாசிரியர் அந்தப் படத்தைப் பார்த்தார். சாக்கு வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். பிறகு அவரே போலீஸுக்குப் போன் போட்டார், அவரே காரில் பேச்சிமுத்துவைத் தென்காசிப் பக்கம் அவன் அத்தை வீட்டில் கொண்டுவிட்டார். விசாரணை நடந்தது. சாக்குக்குள் இருந்தது என்ன, யாருக்காக என்பது ஊருக்கெல்லாம் தெரிந்தது. பேச்சிமுத்து அங்கிருந்தே படித்தான். இப்போது காலேஜில் கணக்குப் படிக்கிறான். போன் பண்ணுவான். இன்னும் என் தப்பைச் சொல்லுவான்.

அவருக்குத்தான் நிம்மதி போயிற்று. யானை வரைந்த பையனையும் போலீஸ் கூட்டிப்போனதை அவரால் தாங்க முடியவில்லை. "அவன் சாக்கிலிருந்து கைய எடுத்தான் டீச்சர். அது படத்துல இருக்குல்லா? அவியகிட்ட அதையும் காட்டுனீங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். காட்டினேன். அவரும் ஸ்டேஷனுக்குப் போய் வாசலில் அரை நாள் நின்று அதையே சொல்லிவிட்டு வந்தார். போலீஸுக்குப் பயந்த மனிதர்.

பிறகு ஒரு நாள் காலை பாளையங்கோட்டையில் அவர் வீட்டு வாசல் கதவு கால்வாசி திறந்திருந்தது. ராத்திரி பூட்டிவிட்டுப் படுத்தவர் அவர். ஒரு பொருளும் களவு போகவில்லை. யாரும் உள்ளே வந்த தடயமும் இல்லை. கதவு மட்டும் அப்படி நின்றது. அதை என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த மாதமே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு உடன்குடிப் பக்கம் போய்விட்டார். பயந்து ஓடிவிட்டார் என்று ஆசிரியர் அறையில் பேசினார்கள். உடற்கல்வி ஆசிரியர் மட்டும் எழுந்து போய்க் கதவை முழுக்கத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஒரு தரம் ஆள்வசம் கருப்பட்டி கொடுத்தனுப்பினார். போனில் கூப்பிட்டு, அங்கே நாய் இருக்கிறதா என்று கேட்டேன். "நாயும் இருக்கு, கடலும் இருக்கு டீச்சர். முன்னால போறதுக்குத்தான் ஆளில்ல" என்றார்.

அந்த ஒரு நிமிஷம் இன்னும் என் போனில் இருக்கிறது. போன் மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றிக்கொள்கிறேன். ரொம்ப நாள் வரை நான் அதில் பார்த்ததெல்லாம் நடுவில் இருப்பதைத்தான். பையன்கள், சாக்கு, அந்த அரை அடி. ஒவ்வொரு தடவையும் பாதியில் நிறுத்திவிடுவேன். இந்த வருஷம் சினிமா வகுப்பை என் தலையில் கட்டினார்கள். முதல் வகுப்புக்கு முந்தின சாயங்காலம், அவர் சொன்னபடி நாலு மூலையையும் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

மேலே இரண்டு மூலையிலும் வாகைக் கிளை. கீழே வலது பக்கம் ஒரு கல். கீழே இடது மூலையில் தரையில் நிழல். எங்கள் முதுகுக்குப் பின்னால் சூரியன் இருந்ததால் விழுந்தது. உயரமான ஓர் ஆளும் ஒரு குடையும். குடையின் நிழல் நடுங்குகிறது, கையின் நிழல் நடுங்குகிறது, முழங்கால்கூட நடுங்குகிறது. பையன் அரை அடி முன்னால் வைக்கும்போது இந்த நிழல் பின்னால் போகும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. ஒரு நிமிஷம் முழுவதும் அதே இடத்தில் நின்று நடுங்கியது.

என் நிழலைத் தேடினேன். நானும் அங்கேதானே நின்றேன். அவருக்குப் பக்கத்தில் இல்லை. முன்னால் இல்லை. மறுபடி ஓட்டி, நிறுத்தி, போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். அவர் நிழலின் தோளுக்கு வெளியே ஒரு சேலைத் தலைப்பின் நிழல் மட்டும் காற்றில் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.